சாயங்காலப் பூசை

ஏப்ரல் 19, புதன்

கன்னியர் மடத்து மாடியில் கரையான் ஏறிவிட்டது என்று பழைய புத்தகங்களையெல்லாம் கீழே இறக்கிவிட்டார்கள். பழைய பேப்பர்க்காரர் நாளைக்கு வருவார். சிஸ்டர் தெக்லா அதில் தடிமனான ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்து, "எமரென்சி, ஓஸ்தி டப்பாவுக்கு அடியில போட இதுல தாள் கிழிச்சுக்கோ" என்றார்.

ஓஸ்தி என்றால் பூசையில் நன்மையாகக் கொடுக்கிற வட்ட அப்பம். மாவு கரைத்து, இரும்பு அச்சில் ஊற்றி, தாள் மாதிரி மெல்லிசாகச் சுட்டு, வட்டம் வட்டமாக வெட்டி எடுப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து இதைத்தான் செய்கிறேன். எங்கள் பங்குக் கோயிலுக்கும் பக்கத்துப் பங்குக் கோயில்களுக்கும் இங்கிருந்துதான் போகிறது.

கொஞ்சம் தாள்கள் கிழித்து டப்பாக்களுக்கு அடியில் விரித்து, மேலே வெள்ளைத்துணி போட்டேன். அடுத்த தாளைக் கிழிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. கோயில் மேல்மாடத்துக்குப் போகிற படிக்கட்டு கோயிலுக்கு வெளியே இருந்தது என்று. உள்ளே இருக்கிற மாடத்துக்கு எதற்கு வெளியே படிக்கட்டு? அது தெரியாமல் மேற்கொண்டு கிழிக்கக் கை வரவில்லை. புத்தகத்தை மாவு டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

படிக்கட்டு எதற்கென்று தெரிந்துவிட்டது. அந்தக் கதை நடக்கிற ஊரில் வெள்ளைக்காரர்கள் பெரிய வாசல் வழியாக வந்து பெஞ்சுகளில் உட்காருகிறார்கள். கறுப்பர்கள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. வெளிப்படிக்கட்டில் ஏறி மாடத்தில் நின்று பூசை காண வேண்டும். லிடியா என்று ஒரு விதவை. துணி வெளுக்கிறவள். அவளுக்கு மூட்டுவலி, ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் ஏறுகிறாள்.

எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை எங்கள் ஊரில் இப்படி இல்லை. இங்கே எல்லோருமே கறுப்புதான். கோயில் தெருவில் இருக்கிற சின்னப்பெண் ஷெரினுடைய அப்பா என் அப்பாவைவிடக் கறுப்பு.

சிஸ்டர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து, "பெரிய நாவலாச்சே இது. உலகமே படிச்சதும்பாங்க" என்றார்.

"நீங்க படிச்சிருக்கீங்களா சிஸ்டர்?"

"எங்க நேரம்?" என்று சொல்லிவிட்டு அச்சைக் காட்டினார். ஓஸ்தி சிவந்திருந்தது. சிவந்தால் ஒதுக்கிவிட வேண்டும். வெள்ளையாக இருப்பதுதான் பீடத்துக்குப் போகும்.

ஏப்ரல் 24, திங்கள்

தங்கச்சி பிரிஸ்காவுக்கு வருகிற மாதம் புதுநன்மை, முதல் தடவையாக ஓஸ்தி வாங்குகிற நாள். புதிதாக வந்திருக்கிற பங்குச்சாமி ஃபாதர் ரெமிஜியுஸ் இன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உயரம் பார்த்து ஜோடி சேர்த்தாராம். ஜோடி ஜோடியாக மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் வர வேண்டும். பிரிஸ்காவுக்கு ஜோடி ஷெரின்.

"அவ என்னைவிட ஒரு விரக்கடை குட்டைக்கா. சாமி சரியாவே பாக்கல" என்றாள் பிரிஸ்கா.

அப்பா சிரித்தார். "உயரத்தை மட்டுந்தான் பாத்தாரா? பாவம், ஊருக்குப் புதுசு."

அம்மா தலை நிமிராமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 26, புதன்

வேலை அதிகம். படிக்கவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனோம். நாங்கள் எப்போதும் பக்கவாசல் வழியாகப் போய் கோயிலின் இடதுபக்கச் சிறகுக் கூடத்தில் தரையில் உட்காருவோம். காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் கிட்டே. அங்கே செருப்பும் தொலையாது.

பிரசங்கத்தின்போது என்னுடைய புதுநன்மை நினைவுக்கு வந்தது. அது மிகவும் அழகான நாள். எங்களுக்குச் சாயங்காலம் வைத்தார்கள். வெயில் தாழ்ந்து காற்று நன்றாக இருந்தது. நாங்கள் ஏழு பேர்தான், அதனால் நெரிசலே இல்லை. பூசை முடிந்ததும் மாம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். ஆண்டவர் தம் சீடர்களுக்கு அப்பத்தைக் கொடுத்ததே சாயங்காலம்தான், அதனால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று அப்போதிருந்த சிஸ்டர் சொன்னார். காலையில் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்து நான் பாவப்பட்டேன்.

இன்று அந்த ஏழு பேரையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஏழு பேரும் எங்கள் காலனி.

வேறு ஏதாவது காரணம் இருந்திருக்கும்.

மே 3, புதன்

கதையில் லிடியாவின் மகன் ஜோனா கேட்கிறான்: "உன்னை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறவர்களின் கடவுள் உனக்கு எதற்கு அம்மா?" அவள், "அவர் அவர்களுடையவர் என்று உனக்கு யார் சொன்னது?" என்கிறாள். இந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். மாவில் தண்ணீர் கூடிப்போய்விட்டது.

சாப்பிடும்போது அப்பாவிடம் கதையைச் சொன்னேன். அப்பா கொத்தனாருக்குக் கையாள். மத்தியானம் வரை சிமெண்டு சுமந்துவிட்டு வந்திருந்தார்.

"பாவம்ப்பா அந்த நாட்டு ஜனங்க. நெறத்தை வெச்சுப் பிரிக்கிறாங்க."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இங்க நெறம் தேவையில்லம்மா. தெருப் பேரைக் கேட்டா போதும்."

அம்மா உடனே, "சாப்புடுற நேரத்துல என்ன பேச்சு" என்று குழம்பை ஊற்றினாள்.

மே 7, ஞாயிறு

ஒத்திகை. சிஸ்டர் என்னையும் உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள் கையில் மெழுகுவர்த்திக்குப் பதிலாகப் பென்சில். ஷெரினும் பிரிஸ்காவும் பெரிய வாசலிலிருந்து கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஷெரின் பென்சிலைத் தன் மூக்கில் செருகிக் காட்ட, பிரிஸ்கா சிரிப்பை அடக்க முடியாமல் விக்கினாள்.

ஷெரினின் அம்மா தூணோரம் நின்றிருந்தார். கோபமாகக்கூட இல்லை. மெதுவாக வந்து, ஷெரினின் கையை பிரிஸ்கா கையிலிருந்து பிரித்து, தன் முந்தானையால் துடைத்தார். "வேர்த்திருக்கு பாரு" என்றார்.

பிரிஸ்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு வேர்க்கலையே ஆன்ட்டி" என்றாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 10, புதன்

கோயில் தெருப் பெரியவர்கள் நாலைந்து பேர் மடத்துக்கு வந்து சாமியிடமும் மடத்துத் தலைவி மதரிடமும் பேசினார்கள். ஓஸ்தி அறையும், வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுகிற பார்லரும் ஒட்டி இருக்கின்றன.

"ஒண்ணா நடக்குறதைக்கூட விட்டுடலாம் சாமி. பூசை முடிஞ்சு பந்தியில எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே டிபன் போடுவீங்க? எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க."

"எல்லாரும் ஆண்டவரோட பிள்ளைங்கதானே ஐயா" என்றார் சாமி.

"யாரு இல்லேன்னா? எப்பவும் இருக்குற வழக்கத்தைத்தான் சொல்றோம். காலையில நாங்க, சாயங்காலம் அவங்க. இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல. நீங்களே கேட்டுப் பாருங்க. அவங்களுக்கே அதுதான் சௌகரியம்."

சாமியின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக இருந்தது.

வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்ததே இல்லை.

அச்சில் இருந்தது கருகிவிட்டது. ஒதுக்கினேன்.

மே 13, சனி

சாமி காலனிக்கு வந்தார். எங்கள் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். தெருவே கூடிவிட்டது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். அதை எழுதத்தான் வேண்டும், முன்பிருந்த சாமி குடிக்க மாட்டார்.

"காலையில ரொம்ப நெரிசலா இருக்கும். அதனால நம்ம பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் தனியா, அமைதியா வைக்கலாம்னு பாக்குறேன். ஆண்டவர் அப்பம் கொடுத்ததே சாயங்காலந்தானே."

அதே வார்த்தை. அன்றைக்கு அந்தச் சிஸ்டர் எங்களிடம் சொன்னபோது அது பரிசு மாதிரி இருந்தது.

"சரிங்க சாமி" என்றார் அப்பா. "சரிங்க சாமி" என்றார் பிலோமி அத்தை. அடுத்த வீடுதான் அத்தை. அவர் மகன் ஜெரோமுக்கும் இந்த வருஷம்தான் புதுநன்மை. எல்லோரும் சரி என்றார்கள்.

பிரிஸ்கா கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் வந்தாள். "ஷெரினும் சாயங்காலம் வருவாளா சாமி? அவதானே எனக்கு ஜோடி?"

சாமி டம்ளரைக் கீழே வைத்தார். பிரிஸ்காவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஏறி வந்த பைக்கை மறந்துவிட்டு நடந்தே கொஞ்ச தூரம் போனார். ஜெரோம்தான் கூப்பிட்டான்.

ஒரே ஆண்டவர்தானே சாமி, அப்புறம் எதுக்கு ரெண்டு நேரம்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். இங்கேதான் எழுத முடிகிறது.

மே 16, செவ்வாய்

நாவலை முடித்துவிட்டேன்.

லிடியா ஒரு ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் ஏறாமல் பெரிய வாசல் வழியாக வருகிறாள். அவளைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். பிறகு கறுப்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஆற்றங்கரையில் தனியாக ஒரு மரக்கோயில் கட்டிக்கொள்கிறார்கள். அங்கே மாடமும் இல்லை, வெளிப்படிக்கட்டும் இல்லை. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் பாடுகிறார்கள்.

உலகமே படித்த புத்தகத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பாடுவது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய வாசல்? அது அப்படியே வெள்ளைக்காரர்களுக்கென்று விட்டதாகிவிட்டதே. எங்கள் கோயிலுக்குக் கல் சுமந்ததில் அப்பாவின் பாட்டனாரும் ஒருவர். அதை அப்பா பெருமையாகச் சொல்லுவார். கல் சுமந்த கோயிலை விட்டுவிட்டு நாங்கள் எந்த ஆற்றங்கரைக்குப் போவது?

கிழித்த தாள்களை டப்பாக்களின் அடியிலிருந்து எடுத்து அடுக்கி, ஆரம்பத்தையும் படித்தேன். லிடியா சின்னப் பெண்ணாக இருக்கும்போது படிக்கட்டில் ஏறுவது அவளுக்கு விளையாட்டு. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரிகிறதே, நாம்தான் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைக்கிறாள்.

அதற்குமேல் படிக்க முடியவில்லை.

மே 19, வெள்ளி

நான் பள்ளிக்கூடத்தை விட்டது படிப்பு ஏறாததால் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வயிற்றுவலி என்றும் சொல்லியிருக்கிறேன். வயிற்றுவலி உண்மை.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் என்னைச் செய்யுள் வாசிக்கச் சொன்னார். தட்டுத்தடுமாறாமல் வாசித்தேன். டீச்சர் ஆச்சரியமாக, "காலனிப் பிள்ளை வாயில இவ்வளவு சுத்தமா ழகரம் வருது பாருங்கடி" என்றார். பாராட்டத்தான் செய்தார். எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து யாராவது என்னைப் பேசச் சொன்னால் வயிறு வலிக்கும்.

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

மே 20, சனி

பிரிஸ்காவின் வெள்ளைக் கவுனை இஸ்திரி போட்டேன். நாளைக்கு ஓஸ்தி டப்பாக்களைப் பீடத்துக்குப் பக்கத்துச் சக்ரீஸ்தி அறையில் வைக்க, பூசைக்கு முன்னாடியே நான் போக வேண்டும்.

மே 21, ஞாயிறு

விடிந்ததும் அம்மா பிரிஸ்காவை எழுப்பிக் குளிப்பாட்டி, தலைபின்னி, கவுனைப் போட்டு, வலைமுக்காடும் பூக்கிரீடமும் வைத்துவிட்டாள். சாயங்காலப் பூசைக்கு எதற்கு இந்நேரத்திலேயே என்று நான் கேட்கவில்லை. நான் பிரிஸ்காவின் கையைப் பிடித்தபோது, எங்கே கூட்டிப் போகிறாய் என்று அம்மாவும் கேட்கவில்லை. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தூங்கும்போது அவர் குறட்டை விடுவார்.

சக்ரீஸ்தியில் சாமி தனியாகப் பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். டப்பாக்களை மேசையில் வைத்தேன். வழக்கமாக வைத்துவிட்டு ஓடிவிடுவேன்.

"சாமி, என் தங்கச்சி வெளிய நிக்கிறா. உடுப்பு போட்டு."

அவர் திரும்பினார். "எமரென்சி, உனக்குத் தெரியாதும்மா. கலாட்டா ஆயிடும். போலீசு வரைக்கும் போயிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும்."

இடுப்புக் கயிற்றின் முடிச்சு அவருக்கு விழவே இல்லை. படித்தவர், சாமியார், ஆண்பிள்ளை, இவருக்கு என்ன பயம் என்று முன்பெல்லாம் நினைத்திருப்பேன். ஆனால் பயந்தவர்களை எனக்கு அடையாளம் தெரியும். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு சாமி" என்றேன். "வயிறெல்லாம் வலிக்குது. ஆனா அவ பெரிய வாசல்லதான் நிக்கிறா."

நான் வெளியே வந்தேன்.

பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உள்ளே போனார்கள். ஷெரினுக்கு வேறு ஜோடி போட்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் பிரிஸ்கா போய் நின்றாள். பக்கத்தில் நான் நின்றேன். உபதேசியார் ஓடிவந்து, "ஏய் புள்ள, உங்களுக்குச் சாயங்காலம்டி" என்றார். பிரிஸ்கா, "பரவால்ல ஐயா, இப்பவே குடுங்க" என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். பந்தியில் பாயசம் கேட்பது மாதிரி.

பெரிய வாசலில் ஒரு கல்படி இருக்கிறது. பழக்கமில்லாததால் என் கால் அதில் தட்டியது.

எல்லோரும் பார்த்தார்கள். என் வாயைப் பார்த்தது மாதிரியே. நான் பிரிஸ்காவின் பூக்கிரீடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நன்மை கொடுக்கிற நேரத்தில் சாமி ஒவ்வொரு பிள்ளையாக முடித்து எங்கள் முன் வந்தார். பெஞ்சுகள் நகருகிற சத்தம் பின்னால் கேட்டது. ஆட்கள் எழுந்து போகிறார்கள். யாரோ சத்தமாக, "சாமி, யோசிச்சுச் செய்ங்க" என்றார். பிரிஸ்கா கண்ணை இறுக மூடி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். நேரமாக ஆக நாக்கு உலர்ந்துபோய், ஒருதடவை உள்ளே இழுத்து நனைத்துக்கொண்டு மறுபடியும் நீட்டினாள்.

சாமி கொடுத்தார்.

"கிறிஸ்துவின் உடல்" என்ற அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஆமென்" என்று பிரிஸ்கா சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது.

இடத்துக்குத் திரும்பியதும் என் காதில், "அக்கா, ஓஸ்தி வெட்டுறப்ப நீ தர்ற ஓரத் துண்டு மாதிரியேதான் இருக்கு" என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது என்றேன்.

பந்தியில் அவளுக்கு இலை போடவில்லை. சிஸ்டர் தெக்லா டிபனைப் பொட்டலமாகக் கட்டி மடத்துப் பின்வாசலில் கொண்டுவந்து நீட்டினார். பிரிஸ்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சிஸ்டரின் கண் கலங்கியிருந்தது. "நாளையிலிருந்து வேலைக்கு வர வேணாம்மா. மதர் சொல்லச் சொன்னாங்க" என்றார். மாவு டின்னை மூடிவைக்க மறந்துவிட்டேன், எறும்பு வந்துவிடும் என்று சொன்னேன்.

அதே நாள், பொழுது சாய்ந்தபின்

இதை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மத்தியானம் பிலோமி அத்தை வந்து எங்கள் வீட்டு முன்னால் நின்று கத்தினார். "ஏண்டி, உன் தங்கச்சி வாயில விழுந்துட்டா போதுமாடி? என் புள்ள? மத்த நாலு புள்ளைங்க? அதுங்க மட்டும் இருட்டுன பொறவு ஒளிஞ்சு போய் வாங்கணுமா? இனி சாயங்காலம் போனா, நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரில்ல ஆகும்!"

அவர் சொன்னது நியாயம். நான் என் வீட்டைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறேன். மற்ற ஐந்து வீட்டுக் கதவையும் தட்டியிருக்க வேண்டும். தட்டினால் பேச வேண்டி வரும் என்று தட்டவில்லை.

"போதாது அத்தை" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "ஆறு பேரும் காலையிலதான் வாங்கணும்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடி இவளே, உனக்குப் பேசக்கூட வருமா?" என்று சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் கூட்டம் போடவில்லை. யாரும் முடிவு சொல்லவில்லை. புதுநன்மைப் பிள்ளைகள் ஆறு பேரும் வெள்ளை உடுப்போடு நடுவில் இருந்தார்கள். பிரிஸ்கா அவர்களுக்கு நாக்கை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலப் பூசைக்கு முதல் மணி அடித்தது. எங்கள் தெருவில் முதல் மணிக்கு முகம் கழுவுவோம், இரண்டாம் மணிக்கு நடக்க ஆரம்பிப்போம். யாரும் முகம் கழுவவில்லை.

இரண்டாம் மணி. அப்பாவின் கால் தானாக மடங்கி எழுந்திருக்கப் பார்த்தது. காய்ச்சல் வந்தால்கூடப் பூசையை விடாதவர். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாவின் விரல்கள் செபமாலையில் நகர்ந்துகொண்டிருந்தன.

மூன்றாம் மணி இவ்வளவு நேரம் அடித்து நான் கேட்டதில்லை. நிற்கும் என்று நினைத்தால் மறுபடியும் அடிக்கும். எல்லோரும் கோயில் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெரோம், "சாமி தனியா இருப்பாரேம்மா" என்றான். பிலோமி அத்தை அவனைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

மணி நின்றது.

அம்மா செபமாலையை முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய்ச் சோற்றுப்பானையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தாள். ஆறு பிள்ளைகளையும் பார்த்தாள்.

"வாங்க, எல்லாரும் இங்கயே சாப்புடுங்க" என்றாள். "உடுப்பு அழுக்காகாம உக்காருங்க. இன்னொரு நாள் காலையில போடணும்."